தவளைக்குக் குளம் மட்டும் போதுமா?

தவளை நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணி என்பதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாதவர் நம்மில் எவரும் இருக்க மாட்டார்கள். ஆயினும், காரியம் என்று ஒன்று செய்யப் புகும்போது அந்த வாக்கியத்தின் பாதியை மறந்துவிட்டு, ஒரு குளத்தைத் தூர்வாரிக் கரை கட்டி நீரையும் நிரப்பிவிட்டோமானால் அதை அண்டியிருந்த ஜீவராசிகளுக்கெல்லாம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டோம் என்று திருப்தி கொள்வது நம்முடைய நகராட்சிகளுக்கும், நற்காரியங்களில் ஈடுபட்ட சங்கங்களுக்கும், அவற்றைப் பாராட்டி எழுதும் பத்திரிகைகளுக்கும் வழக்கமாகிவிட்டது. இந்தத் திருப்திக்கு ஆதாரம் போதாது என்பது என் அபிப்பிராயம். குளமும், குளத்தைச் சூழ்ந்த நிலமும், இரண்டுக்கும் இடையே போய்வரும் பாதையும் சேர்ந்ததுதான் தவளையின் வாசஸ்தலம். இம்மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு மற்ற இரண்டை எவ்வளவு சிறப்பாகப் பராமரித்தாலும் தவளை அங்கே நிலைக்காது. இதை விளக்குவதற்கு நான் ஐரோப்பாவரை போகிறேன் என்றால், அங்குள்ள தவளைகள் நம் தவளைகளைவிட எவ்வகையிலும் உயர்ந்தவை என்று கருதி அன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைக் கவனித்து எழுதி வைத்திருப்பவர்கள், அவற்றின் விஷயத்தில் தாங்கள் செய்த தவறுகளையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே.

ஐரோப்பாவின் ஊர்ப்புறங்களில் சாதாரணமாகக் காணப்படும் தவளைகள் பெரும்பாலும் இரண்டு வம்சங்களைச் சேர்ந்தவை. ஒன்று பழுப்புத் தவளை வம்சம். மற்றொன்று குளத்துத் தவளை வம்சம், அதாவது கோடை முழுவதும் நீரோரத்தைவிட்டு விலகாத பச்சைத் தவளைகள். 1758-இல் லின்னேயஸ் ஜீவராசிகளை வகைப்படுத்திப் பெயரிட்டபோது இரண்டையும் ரானா என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். இக்காலத்து விஞ்ஞானிகள் அந்தப் பெயரைப் பழுப்பு வம்சத்துக்கு விட்டுவிட்டுப் பச்சை வம்சத்தைப் பெலோஃபைலாக்ஸ் என்று தனியே பிரித்துவிட்டார்கள். பழுப்பு வம்சத்தில் மிகவும் பரவியிருப்பது அயர்லாந்திலிருந்து யூரல் மலைவரையும், நார்வேயின் வடகோடிவரையும், ஆல்ப்ஸ் மலையில் 2,000 மீட்டருக்கும் மேலான உயரம்வரையும் வாழ்கின்ற சாதாரணத் தவளை. காய்ந்த இலையின் நிறமும், கண்ணுக்குப் பின்னே செவிப்பறையை மறைத்துக்கொண்டு கறுத்திருக்கும் பட்டையும் இதன் அடையாளங்கள். இதற்கு உறவாக, சதுப்பு நிலங்களை விரும்பும் மூர் தவளை ஒன்றும், மெலிந்த நீண்ட கால்களால் ஒரே பாய்ச்சலில் 2 மீட்டர்வரை தாவக்கூடிய, இலையுதிர்காடுகளில் வசிக்கும் டால்மேஷியத் தவளை ஒன்றும் உண்டு.

பழுப்புத் தவளையின் ஜல வாசம் மிகக் குறுகியது. குளிர் முற்றும் நீங்காத பிப்ரவரி, மார்ச் மாதங்களில், சில இடங்களில் நீரின் ஓரத்தில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, ஆண் தவளைகள் குளத்தில் கூடிவிடுகின்றன. இவற்றின் குரலைக் கூச்சல் என்று சொல்ல முடியாது. பத்தடி தள்ளி நின்றால் காதில் விழுமோ விழாதோ என்கிற அளவில், தொண்டைக்குள்ளேயே உருளும் ஓர் உறுமல். பெண் தவளை ஒன்று 1,000 முதல் 2,000 முட்டைகள்வரை கொண்ட ஒரு கட்டியை இடுகிறது. ஒன்றிட்ட இடத்திலேயே மற்றொன்றும் இடுவதால், வெயில் படும் ஆழமற்ற ஓரத்தில் நூற்றுக்கணக்கான கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புப் புள்ளி வைத்த கண்ணாடிக் குழம்பாய்ப் பரந்து மிதக்கின்றன. இவ்வாறு சேர்ந்து மிதப்பதில் ஒரு யுக்தியும் இருக்கிறது: குவியலின் நடுவே இருக்கும் முட்டைகள் சுற்றியுள்ள நீரைவிடச் சற்றே வெப்பமாக இருப்பதால் குளிரிலும் கருவளர்ச்சி தடைப்படுவதில்லை. மூர் தவளையின் ஆண்களோ இந்தச் சில நாட்களுக்கு மட்டும் பழுப்பை உதறிவிட்டு, பார்ப்பவர் நம்பமாட்டாத நீல நிறத்தை உடம்பெங்கும் பூண்டு, முட்டையிடும் காலம் முடிந்ததும் மீண்டும் பழைய நிறத்துக்கே திரும்பிவிடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். குலதெய்வத்தின் திருவிழாவுக்கு மட்டும் சொந்த ஊருக்கு வந்து, வந்த காரியம் முடிந்ததும் பிழைக்கும் ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்களைப் போல, தவளைகள் குளத்தைவிட்டு ஈரமான புல்வெளிக்கும் வேலியோரத்துக்கும் காட்டுக்கும் போய்விடுகின்றன. கோடையில் அந்தக் குளத்தைப் பார்வையிட வரும் அதிகாரி ஒருவர் இங்கே தவளையே இல்லை என்று குறிப்பெழுதிவிட்டுப் போனால் அவர்மேல் குற்றமில்லை. அவர் தவறான மாதத்தில் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

குளத்துத் தவளையின் ஸ்வபாவம் இதற்கு நேர்மாறானது. அது வெயிலை விரும்புவது. நீர் நன்றாகச் சூடேறும் வைகாசி, ஆனி வாக்கில்தான் அதன் இனப்பெருக்கக் காலம் வருகிறது. அல்லி இலையின்மீதோ கரையின் விளிம்பிலோ வெயில் காய்ந்துகொண்டிருந்து, மனித நிழல் பட்டதும் 'தொப்'பென்று நீரில் குதித்து மறைவதும், சிறிது நேரத்துக்கெல்லாம் கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே நீட்டிப் பார்ப்பதும் இதன் நித்திய கர்மங்கள். வாயின் இரு ஓரங்களிலும் வெள்ளைக் குமிழிகளாகப் புடைக்கும் ஒலிப்பைகளைக்கொண்டு அது எழுப்பும் ஓசை வெகுதூரம் கேட்கும்; பழுப்புத் தவளை வாயடங்கிப் போன பிறகு குளத்தை ஆள்வது இந்தக் குரல்தான். ஆனால் இங்கேதான் நம்முடைய அனுமானங்கள் தலைகீழாகின்றன. குளமே கதி என்று கோடை முழுவதும் கிடந்த சிறிய குளத்துத் தவளை, குளிர்காலம் நெருங்கியதும் நீரைவிட்டு வெளியேறி, காட்டில் உதிர்ந்த இலைகளுக்கும் வேர்களுக்கும் பாசிக்கும் அடியே நிலத்தில் புகுந்து உறங்குகிறது. நிலமே கதி என்று திரிந்த பழுப்புத் தவளைகளில் பலவோ குளத்தின் அடிச்சேற்றிலும் ஓடைகளின் அடியிலும் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆகையால் தவளை எங்கே வாழ்கிறது என்று கேட்கிறவரிடம், எந்தத் தவளை என்பதோடு, எந்த மாதத்தில் என்றும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் போக்குவரவின் நடுவே சாலை ஒன்று குறுக்கிட்டால் என்ன நேரும் என்பதை ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் வெகுநாட்களுக்கு முன்பே உணர்ந்துகொண்டார்கள். வசந்தத்தின் முதல் மழை இரவுகளில் காட்டிலிருந்து குளத்துக்குப் புறப்படும் தவளைகளும் தேரைகளும் சக்கரங்களின் அடியில் நசுங்கிச் சாவதைத் தடுக்க, சாலையோரமாக முழங்கால் உயரத்துக்குத் துணி வேலி கட்டி, அந்த வேலியை ஒட்டிச் சிறு வாளிகளை மண்ணில் புதைத்து, அவற்றில் விழுந்தவற்றை விடியற்காலையில் எண்ணிக் குறித்துக்கொண்டு மறுபக்கம் கொண்டுபோய் விடுகிற தன்னார்வத் தொண்டர்கள் அங்கே ஊர்தோறும் இருக்கிறார்கள். பல இடங்களில் சாலைக்கு அடியிலேயே தவளைகளுக்கென்று சுரங்கவழி அமைத்துவிட்டார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர் இருக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும், பாதையும் வீட்டின் ஓர் அங்கமே என்பதை அந்தத் தேசங்களின் பொதுப்பணித் துறைகள் ஏற்றுக்கொண்டுவிட்டன என்பதே நான் இங்கே கவனிக்கச் சொல்வது.

வாசஸ்தலம் என்பது எவ்வளவு சிக்கலான விஷயம் என்பதற்குப் பச்சை வம்சத்திலேயே ஒரு விசித்திரமான சாட்சியம் உண்டு. லின்னேயஸ் 1758-இல் எஸ்குலென்டா என்று பெயரிட்ட, ஐரோப்பியர் காலை வறுத்துத் தின்கிற தவளை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்வரை மற்றவற்றைப்போல ஒரு தனி இனம் என்றே எல்லோராலும் நம்பப்பட்டு வந்தது. 1960-களில் போலந்து தேசத்தின் போஸ்னான் நகரத்தைச் சேர்ந்த லெஷெக் பெர்கர் என்ற விலங்கியலாளர் இவற்றைக் கலப்புச் செய்து குஞ்சுகளை வளர்த்துப் பார்த்து, சிறிய குளத்துத் தவளையும் பெரிய சதுப்புத் தவளையும் கூடிப் பிறந்த கலப்பினமே இந்த எஸ்குலென்டா என்று நிரூபித்தார். அதைவிட வியப்பானது பின்னர்த் தெரியவந்தது. இந்தக் கலப்புத் தவளை தன் கருவணுக்களை உண்டாக்கும்போது, குளத்துத் தவளையிடமிருந்து பெற்ற மரபுத்தொகுதியை முழுவதும் விலக்கிவிட்டு, சதுப்புத் தவளையின் தொகுதியை மட்டும் மாற்றமின்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறது. விலக்கியதை மறுபடியும் பெறுவதற்காக ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு குளத்துத் தவளையைத் துணையாகத் தேடிக்கொள்கிறது. எஸ்குலென்டாவும் எஸ்குலென்டாவும் கூடினால் பெரும்பாலும் குஞ்சுகள் பிழைப்பதில்லை. ஆகவே மத்திய ஐரோப்பாவில் ஒரு குளத்தைத் தூர்த்து அங்கிருந்த சிறிய தவளையை ஒழித்தவன், எண்ணிக்கையில் அதைவிட மிகுதியாக இருந்த கலப்புத் தவளையின் சந்ததியையும் தன்னை அறியாமலே அறுத்தவனாகிறான். எது எதனுடைய வீட்டில் எந்த உறவில் குடியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னே இடிக்கத் துணிகிறவர்கள் கொஞ்சம் தயங்கட்டும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் கதை இன்னும் உருக்கமானது. அதில் படிப்பினையும் அதிகம். அந்நாட்டின் கிழக்கே நார்ஃபோக் வட்டாரத்தில் தாம்சன் காமன் என்றொரு பொதுநிலம் இருக்கிறது. பனியுகத்தின்போது நிலத்துக்குள் உறைந்து மேடாய்ப் புடைத்த பனிக்கட்டிகள் பிற்காலத்தில் உருகி அமிழ்ந்ததால் உண்டான, பிங்கோ எனப்படும் வட்டமான சிறு பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே நீர் நிரம்பிக் கிடக்கின்றன. இந்தப் பள்ளங்களில் குளத்துத் தவளைகள் வாழ்ந்து வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே விஞ்ஞானிகளுக்குத் தெரியும். தெரிந்தும் அதனால் ஒரு பிரயோஜனமும் ஏற்படவில்லை. ஏனென்றால் அவை அந்நிய நாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை என்று தீர்மானித்துவிட்டார்கள். அப்படித் தீர்மானிப்பதற்குக் காரணமும் இல்லாமற் போகவில்லை: 1837 முதல் சில ஆண்டுகளில் ஜார்ஜ் பெர்னி என்ற நிலச்சுவான்தார் ஒருவர் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஏராளமான பச்சைத் தவளைகளைத் தருவித்து அதே வட்டாரத்தில் விட்டிருந்தார். ஆகையால் நார்ஃபோக்கில் கத்துகிற பச்சைத் தவளை எதுவானாலும் அது வந்தேறியே என்ற அபிப்பிராயம் பாறைபோல் நிலைத்துவிட்டது. வந்தேறிக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு? நிலத்தடி நீர் தாழ்ந்தது. மேய்ச்சல் குறைந்ததால் பள்ளங்களைச் சுற்றி மரமும் புதரும் வளர்ந்து, வெயிலை நம்பி வாழும் பிராணிக்கு வெயிலை மறைத்தன. தவளைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 1990-களின் நடுவில் அந்தப் பள்ளங்கள் மௌனமாகிவிட்டன. பிடித்து வளர்க்கப்பட்டு வந்த கடைசி ஆண் தவளை ஒன்று 1999-இல் இறந்தது. அதற்கு லக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருக்குத் தோன்றிய பரிகாசமோ!

அதன்பின்தான் உண்மை வெளிப்பட்டது. சுவீடனிலும் நார்வேயிலும் மிகச் சிறு கூட்டங்களாக எஞ்சியிருக்கும் வடபுலத்துக் குளத்துத் தவளைகளோடு இங்கிலாந்தின் தவளைகளைப் பல துறை அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மரபுக் கூறுகள் ஒத்துவந்தன. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புப் படிவங்களில் கிடைத்த, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட எலும்புகள் இவை பெர்னி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தன என்று காட்டின. அவற்றின் கத்தலின் அமைப்புக்கூட வடபுலத் தவளைகளின் கத்தலையே ஒத்திருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. இங்கே தவளையின் வாயே அது சுதேசி என்பதற்குச் சாட்சி சொல்லியும், சாட்சி கூண்டேறியபோது வழக்கின் கட்சிக்காரர் உயிரோடு இல்லை. அந்தச் சதுப்பு எலும்புகளிடையே மூர் தவளையினுடையவையும், டால்மேஷியத் தவளையினுடையவை என்று கருதத்தக்கவையும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பிரிட்டனின் பெருநிலத்தில் அந்த இரண்டு பழுப்புத் தவளைகளும் இல்லை. மறைந்தபோது மறைந்தன என்று குறித்து வைக்கக்கூட ஆளில்லாமல் இரண்டு இனங்கள் ஒரு தேசத்தைவிட்டே போயிருக்கின்றன.

பிராயச்சித்தம் 2005-இல் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் 2008 வரை சுவீடனிலிருந்து தவளைகளைக் கொண்டுவந்து கிழக்கு இங்கிலாந்தில் வெளியாருக்குச் சொல்லப்படாத ஓர் இடத்தில் விட்டார்கள். அங்கே அவை நிலைபெற்ற பின்னர், 2015 முதல் தாம்சன் காமனிலேயே மறுபடியும் குடியேற்றத் தொடங்கினார்கள். இந்த முயற்சியில் என் கவனத்தைக் கவர்ந்தது விமானத்தில் வந்த தவளைகள் அல்ல. தவளையை விடுவதற்கு முன்னே மரங்களை வெட்டிக் குளங்களுக்கு வெயில் விழச் செய்ததும், மண்ணால் மூடிப்போன பிங்கோ பள்ளங்களைத் தோண்டித் திறந்ததும், சூழ்ந்திருக்கும் புல்வெளியில் மேய்ச்சலுக்கு ஏற்பாடு செய்ததும், குளிர்காலத்தில் ஒளிந்துகொள்ளக் கட்டைகளும் வேர்களும் உள்ள நிலத்தை அருகிலேயே விட்டு வைத்ததுமான, பத்திரிகைகளில் படம் போடத் தகுதியில்லாத வேலைகளே அதில் பெரும்பங்கு. தவளையைக் கொண்டுவர ஒரு பெட்டி போதும். வீட்டைக் கொண்டுவரப் பெட்டி கிடையாது.

இதற்கு மறுதலையாக ஒரு கதையும் அந்நாட்டிலேயே உண்டு. 1935-இல் பர்சி ஸ்மித் என்பவர் ஹங்கேரியிலிருந்து வந்த 12 சதுப்புத் தவளைகளைக் கென்ட் வட்டாரத்திலுள்ள தம் தோட்டத்துக் குளத்தில் விட்டார். அவை அந்தத் தோட்டத்தை ஒரு பொருட்டாக மதிக்காமல் வெளியேறி, பக்கத்திலிருந்த ராம்னி சதுப்பு நிலத்தின் வாய்க்கால்களில் புகுந்து, ஆழமும் வெயிலும் ஓடும் நீரும் தங்களுக்கு இசைந்திருக்கக் கண்டு, சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்தப் பிரதேசம் முழுவதும் இரவில் உறக்கம் கெடும்படி பெருகிவிட்டன. சுதேசித் தவளை அழிந்த நாட்டில் பரதேசித் தவளை செழித்ததற்குக் காரணம், இரண்டாவதற்கு ஏற்ற வீடு கட்டாமலே கிடைத்தது, முதலாவதன் வீடு இருந்தும் இடிந்தது என்பதன்றி வேறில்லை.

இந்த இடத்தில் நம் தேசமும் கதைக்குள் வருகிறது. தவளைக்கால் தின்னும் வழக்கத்தில் பேர்போன பிரான்சு, தன் பழுப்புத் தவளைகள் குறைந்துபோனதைக் கண்டு 1980-ஐ ஒட்டி அவற்றை வியாபாரத்துக்காகப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. நாக்கின் ருசிக்குச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கவில்லை. ஆகையால் சந்தை வேறு தேசங்களின் குளங்களை நாடியது. 1950-களிலிருந்தே உறைந்த தவளைக்கால் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4,000 டன்னுக்குமேல் அனுப்புகிற நிலைக்கு வந்தது. ஒரு டன் காலுக்கு எத்தனை ஆயிரம் தவளைகள் உயிருடன் அரியப்பட்டன என்பதைக் கணக்கிடக் கை கூசுகிறது. வயல்களில் பூச்சி தின்னும் பிராணியை விற்று அந்நியச் செலாவணி ஈட்டி, அந்தச் செலாவணியில் பூச்சிமருந்து வாங்குவது என்ன பொருளாதாரம் என்று அக்காலத்தில் பலர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல ஆளில்லை. 1985-இல் இரண்டு இந்தியத் தவளைகள் வன உயிரினங்களுக்கான சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987-இல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது. சந்தை வங்கதேசத்துக்கும், பிறகு இந்தோனேஷியாவுக்கும் இடம் மாறியது.

பட்டியலில் சேர்ந்த அந்த இரண்டு தவளைகளில் ஒன்று, மழைக்காலத்தில் வயல்களிலும் பள்ளங்களிலும் கூடி ஊரையே எழுப்பும் பெரிய மழைத்தவளை. மற்றொன்று நம் ஏரிகளிலும் கோயில் குளங்களிலும் முதுகில் வெளிறிய கோடோடு மிதந்துகொண்டிருக்கும் பச்சைக் குளத்துத் தவளை. இந்தப் பின்னதை லெஸ்ஸான் என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 1834-இல் முதன்முதலாக உலகுக்கு விவரித்தது, நம் புதுச்சேரியிலிருந்து கிடைத்த தவளையைக்கொண்டுதான். வளர்ந்த தவளைகள் பூச்சிகளையே தின்னும் என்ற பொது விதிக்கு இது ஒரு விலக்கு: வயது வந்த பெரிய தவளைகளின் உணவில் நீர்த்தாவரங்களே மிகுதியாக இருப்பதை இந்திய ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் ஆகாயத்தாமரையோடு சேர்த்து எல்லாப் பச்சையையும் வழித்தெடுத்துவிட்டு, இதோ சுத்தமான நீர் என்று காட்டுகிற குளத்தில் இந்தத் தவளை எதைத் தின்று வாழும்? மழைத்தவளையின் விஷயமோ வேறு. அது ஐரோப்பியப் பழுப்புத் தவளையைப் போலவே காலத்தை எதிர்பார்த்திருக்கும் பிராணி. வறண்ட மாதங்களில் மண்ணுக்குள்ளும் பொந்துகளிலும் அடங்கிக் கிடந்து, முதல் பெருமழையில் வெளிப்பட்டு, ஆண்கள் எலுமிச்சை மஞ்சள் நிறம்பூண்டு நீல ஒலிப்பைகளை ஊதிக்கொண்டு, தேங்கிய நீரில் சில இரவுகளுக்குள் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. அதற்கு வேண்டியது ஏரியைவிட ஏரிக்கு வெளியே உள்ள இளகிய மண்ணும், தற்காலிகமாக நீர் தேங்கும் தாழ்ந்த மூலையுமே. ஏற்றுமதியைத் தடுத்த சட்டம் தவளையின் உடலைக் காப்பாற்றியது. அதன் மண்ணைப்பற்றி அச்சட்டத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

நீர் தெளிந்திருப்பதும் குளம் உயிரோடிருப்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்கு ஆல்ப்ஸ் மலையில் நல்ல சான்று இருக்கிறது. இத்தாலியின் கிரான் பாரதீசோ தேசியப் பூங்காவில், இயற்கையாக மீனே இல்லாத உயர்ந்த ஏரிகள் சிலவற்றில், 1960-களில் வட அமெரிக்காவைச் சேர்ந்த ட்ரௌட் மீனைத் தூண்டில் வேடிக்கைக்காக விட்டார்கள். ஏரியின் அழகுக்கு ஒரு குறையும் வரவில்லை. தலைப்பிரட்டைகளும் நீர்ப்பூச்சிகளும் மீனின் வயிற்றுக்குள் போயின. பல ஆண்டுகள் வலைவீசி அந்த மீன்களை அகற்றிய பின்னரே சாதாரணத் தவளை அந்த ஏரிகளுக்குத் திரும்பியது. ஸ்விட்சர்லாந்தின் ஆர்கௌ மாநிலத்திலோ இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் புதிய சிறு குளங்களை நூற்றுக்கணக்கில் வெட்டினார்கள்; பெரிய ஏரி ஒன்றை அமைப்பதைவிட, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தவளை போய்ச் சேரக்கூடிய தூரத்தில் பல குட்டைகளை அமைப்பது என்பதே அவர்கள் கொண்ட கொள்கை. 2022-இல் வெளியான ஆய்வு, குறைந்துவந்த தவளை, தேரை வகைகளில் பெரும்பாலானவை அங்கே மறுபடியும் பெருகியதைக் காட்டியது. சாலையும் நகரமும் வயலும் நெருங்கிய பிரதேசம் அது, காடு அன்று. ஆகவே எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்று கையைப் பிசைகிறவர்களோடு நான் சேருவதாக இல்லை.

மனிதனுக்கே குடியிருக்க நிலமில்லாத ஊரில் தவளைக்கு நிலம் கேட்பதா என்று என்னிடம் சிலர் கேட்கக்கூடும், நியாயமான கேள்வி. நான் கேட்பது புதிய நிலமன்று. ஏரியின் நீர்ப்பிடிப்புப் புறம்போக்கு ஏற்கெனவே ஏரிக்கே உரியது. அதை மேடாக்கி வண்டி நிறுத்துமிடம் ஆக்காமல் விட்டாலே போதும். 2017-இல் குடிமராமத்து என்ற பழைய முறைக்குப் புத்துயிர் கொடுத்து நம் மாநில அரசு ஏரிகளைச் செப்பனிடத் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் நகரங்களை அடுத்த பல குளங்களில் செப்பனிடுதல் என்பது நான்கு பக்கமும் செங்குத்தான கான்கிரீட் சுவரும், சுவர்மேல் நடைபாதையும், நடைபாதை நெடுகக் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் என்றாகிவிட்டதைப் பார்க்கிறோம். கால் வளர்ந்து வால் குறுகி முதன்முதலாக நீரைவிட்டு வெளியேற முயலும், கட்டைவிரல் நகத்தளவே உள்ள தவளைக் குஞ்சுக்கு அந்தச் சுவர் ஏற முடியாத கோட்டை. தன் ஜன்ம ஸ்தலத்தைவிட்டு வெளிவர முடியாமலே அது அங்கே மடிகிறது. வெளியே மண்ணில் கிடக்கும் மழைத்தவளையோ முட்டையிட உள்ளே இறங்க வழியின்றிச் சாலையோரத்துச் சாக்கடையைத் தேடிப்போகிறது.

ஆகவே ஏரிப் பணிக்கு மதிப்பீடு போடும் பொறியாளரிடம் நான் வேண்டுவன சில. கரையின் ஒரு பக்கத்தையாவது, அதுவும் நீர்ப்பிடிப்பு நிலத்தை நோக்கிய பக்கத்தை, சுவரின்றி மண்சரிவாக விடுங்கள். அந்தச் சரிவில் கோரையும் புல்லும் வளர்வதை அசுத்தம் என்று கருதிக் களையாதீர்கள். ஊர்க் குட்டைகளில் ஜிலேபிக் கெண்டையையும், தடை செய்யப்பட்டும் ஒளிந்து விற்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விட வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி ஊராட்சிக்கு எழுதுங்கள். ஏரிக்கும் அதன் தாழ்ந்த நிலத்துக்கும் நடுவே சாலை போடத்தான் வேண்டுமென்றால், வெள்ளம் வடியப் போடுகிற குழாய்ப் பாலத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் போடுங்கள். தவளையும் அதே வழியாகப் போய்க்கொள்ளும். இவற்றில் எதற்கும் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. சிலவற்றில் மிச்சமும் ஆகும். ஐப்பசி மழைக்குள் வேலையை முடித்துக் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் எங்கும் சுவர் எழும்புகிறது என்று ஒப்பந்தக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் அடுத்த ஆண்டுக்கான வரைபடங்களை இந்தத் தை மாதத்திலேயே, குளத்தின் நீரெல்லையோடு நிறுத்திவிடாமல் அதைச் சூழ்ந்த நிலத்தையும் சேர்த்து வரையத் தொடங்கட்டும்.